சொன்னேனே

போன வாரம் நம் சுருக்கை அலுவலக அலமாரிக்கு முன்னால், கையில் ஒரு பழைய நோட்டோடு நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாள். முதலில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மணி ஐந்தாகி, பியூன் விளக்கையும் அணைத்துவிட்டார்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள். சுருக்கு என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். வீட்டுக்காரர்களும் குடியிருப்பவர்களும் குழாய் ஒழுகுவதிலிருந்து கூரை ஒழுகுவது வரை சண்டை போட்டுக்கொள்ளும் வாடகை மன்றம் ஒன்றில் பதினெட்டு வருடமாகச் சுருக்கெழுத்தர். யார் எவ்வளவு வேகமாகத் திட்டிக்கொண்டாலும் ஒரு வார்த்தை கீழே சிந்தாமல் பிடித்துவிடுவாள்.

ஆறு வருடமாக அவளுக்கு வலிப்பு. கீழே விழுந்து கை கால் இழுக்கிற வகை இல்லை. உட்கார்ந்தபடியே இருப்பாள், கண் திறந்தபடியே இருக்கும், விரல்கள் கைப்பையின் ஜிப்பைத் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். ஒரு நிமிடத்துக்கு ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டாள். திரும்பி வந்த பிறகு போனதே தெரியாது.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. நேற்று நடந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். போன வாரம் நடந்ததும் இருக்கும். ஒரு மாதம் கழித்துத் தேடினால் அந்த இடம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். வந்ததும் தெரியாது, சொன்னதும் நிலைக்காது. அதனால் தினமும் சாயங்காலம் கணவரிடம் கேட்பாள், “இன்னிக்கு வந்துச்சா?” அவர் “இல்லையே” என்பார். டாக்டருக்குக் காட்டுகிற நீல நோட்டில் பூஜ்யம் போடுவார். நாலு மாதமாக நோட்டு நிறையப் பூஜ்யம்தான்.

அப்படியிருக்க, போன வாரம் யாரோ ஒரு வழக்கின் நகல் கேட்டார்கள் என்று பழைய சுருக்கெழுத்து நோட்டை எடுத்தவள் அதில் ஒரு கோட்டைப் பார்த்தாள். குளியலறைச் சுவரில் ஈரம் என்பது வரை ஒழுங்காக வந்த எழுத்து, அதற்கு அடுத்த வார்த்தையில் சரிந்து, பெரிதாகி, ஒரே கோடாகப் பக்கத்தின் ஓரம் வரை ஓடியிருந்தது. அடுத்த வரி, ஒன்றுமே நடக்காதது மாதிரி, ‘அது எனக்குத் தெரியாது ஐயா’ என்று ஆரம்பித்தது. அந்தக் கோட்டோடுதான் நாம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை.

“அம்மா, மேல இருக்கிற பெரிய பெட்டியை எடுத்துத் தரியா? தூசி தட்டணும்,” என்றாள் வாலு. பத்தொன்பது வயதாகிறது. சின்ன வயதில் ஒட்டிய பெயர் இன்னும் உதிரவில்லை.

“பெட்டி எதுக்கு?”

“ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்குப் போறேன்ல.”

சுருக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினாள். “ஹாஸ்டலா?”

“சொன்னேனே.”

இந்த வீட்டில் சுவர், கூரை, கதவு எல்லாம் ஒரு பக்கம், இந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம். குடையைத் தொலைத்தால் சொன்னேனே. சிநேகிதி வீட்டில் இரண்டு நாள் தங்கப் போனால் சொன்னேனே. சுருக்குக்கு இதற்கு ஒரே பதில்தான் உண்டு. “ஆமா ஆமா, சொன்ன.” ஞாபகம் இல்லை என்று ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை. சொன்னால் எதிரில் இருப்பவர் குரல் மெதுவாகிவிடும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாகப் பேச ஆரம்பிப்பார்கள். அதை அவளால் தாங்க முடியாது.

“நீயும் சரின்னு சொன்னியேம்மா.”

“ஆமா ஆமா,” என்றாள்.

ஒரே மகள் வீட்டை விட்டுப் போகப் போகிறாள். மனசுக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தட்டினால் சத்தம் கேட்கிறது, தட்டியது தெரியவில்லை.

எதிரே கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடையில் பவர் பார்க்கிறவர். ஊரிலுள்ள அத்தனை பேர் கண்ணையும் நேருக்கு நேர் பார்ப்பவர், நாலு மாதமாக மனைவி கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. இதை அவள் இன்றைக்குத்தான் கவனித்தாள்.

“நாலு மணிக்கு டாக்டரம்மாகிட்ட போகணும். மறந்துடா...” என்று வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். “நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அலுவலகத்துக்கு எட்டு மணிக்கே போய்விட்டாள்.

“என்ன சுருக்கம்மா, இன்னும் விளக்குமாறுகூட எடுக்கல, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்றபடி பியூன் கதவைத் திறந்தார்.

நாலு மாதத்துக்குப் பதினொரு நோட்டு. மேசையில் அடுக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். அவளுடைய எழுத்து அவளுக்கு அத்துப்படி. கோடு, கொக்கி, வளைவு, புள்ளி எல்லாம் வரிசையில் வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு கோடு வரிசையை விட்டுக் கிளம்பி ஓரத்துக்கு ஓடும். முதல் நோட்டிலேயே ஒன்று. ஐந்தாவதில் இரண்டு, அதுவும் ஒரே நாளில்.

இத்தனை நாளும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். மன்றத்தில் ஒலிப்பதிவுக் கருவியும் உண்டு. விட்டுப்போன வரியை அதைக் கேட்டு நிரப்பிக்கொள்வது சுருக்கெழுத்தர்களுக்கு வழக்கம். யாராவது இருமினால் ஒரு வரி போகும், நாற்காலியை இழுத்தால் அரை வரி போகும். அவளும் அப்படித்தான் நினைத்து நிரப்பியிருக்கிறாள். எழுதுகிற கையோ சும்மா இருக்காத கை. ஆள் இல்லாத நேரத்திலும் அது எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எண்ணி முடித்தாள். ஏழு.

ஆபீஸில் வந்தது கணவருக்கு எப்படித் தெரியும் என்று முதலில் மனசுக்குள் அவர் பக்கம்தான் பேசிப் பார்த்தாள். ஆனால் வலிப்புக்கு என்ன ஆபீஸ் நேரமா? பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு வந்து, ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுமா? இங்கே ஏழு என்றால் வீட்டில் ஒன்றுமே இல்லாமல் இருக்க முடியாது.

அவர் பொய் சொல்கிறார்.

அதைச் சுருக்கெழுத்தில் எழுதிப் பார்த்தாள். இரண்டு கோடு, ஒரு கொக்கி. இவ்வளவு பெரிய விஷயம் இத்தனூண்டு இடத்தில் அடங்கிவிட்டதே என்று இருந்தது. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பியூன் டீ கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்தாள்.

பத்தரை மணிக்குத் தலைமை எழுத்தர் வந்து நின்றார். நல்ல மனிதர், நல்ல செய்தி கொண்டுவரத்தான் தெரியாது. “சுருக்கம்மா, அந்த டாக்டர் லெட்டர் இன்னிக்கு வந்துடும்ல? நாலு மாசமா வலிப்பு வரலைன்னு எழுதியிருக்கணும். இல்லைன்னா உங்களை ரெக்கார்ட் ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

ரெக்கார்ட் ரூம் என்பது கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. அங்கே பேனாவுக்கு வேலை கிடையாது. பழைய வழக்குக் காகிதங்களைக் கட்டி அடுக்குவதுதான் வேலை.

“வந்துடும் சார்,” என்றாள்.

பூஜ்யம் என்றால் பேனா அவள் கையில் இருக்கும். ஏழு என்றால் இருக்காது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், பூஜ்யத்தை அவரே சொல்லிவிடுவார். மூன்றரைக்குக் கிளம்பும்போது, ஏன் என்று தனக்கே தெரியாமல், கோடு இருந்த நோட்டுகளை எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டாள். ஜிப் மூடவில்லை.

டாக்டரம்மாவின் அறையில் மூன்று நாற்காலி, ஒரு கடிகாரம், மூளையின் படம் ஒன்று. டாக்டரம்மா நீல நோட்டைப் புரட்டினார்.

“நாலு மாசமா ஒண்ணுகூட இல்ல. ரொம்ப சந்தோஷம். மாத்திரை நல்லா பிடிச்சிருக்கு.” லெட்டர் எழுதத் தாளை இழுத்துக்கொண்டார். “வேற ஏதாவது தொந்தரவு?”

கணவர் தரையைப் பார்த்தார். “இல்ல டாக்டர்.”

பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பதினெட்டு வருடமாக அவள் தினம் கேட்கிற சத்தம். இனி யாரோ சொல்லப்போவது எழுத்தில் ஏறப்போகிறது என்று அர்த்தம். பொய்ச் சாட்சிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறாள். அந்தக் கூண்டில் தானே ஏறி நிற்பது மாதிரி இருந்தது.

“ஏழு,” என்றாள்.

“என்ன ஏழு?”

நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு கோடாகக் காட்டினாள். டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “நாங்க தலையில ஒயரை ஒட்டி எடுக்கிறதை நீங்க ஒரு பேனாவை வச்சே எடுத்திருக்கீங்களே!”

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். “பதினாறு, டாக்டர்.”

“ஏழா, பதினாறா? ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க.”

“அவ சொல்ற ஏழு ஆபீஸ்ல. அது எனக்கே இப்பதான் தெரியும். நான் சொல்றது வீட்டுல.”

சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதற்குள் கண்ணாடி இல்லை. கடையில் பவர் எழுதிக் கொடுக்கிற சின்னச் சீட்டுகள், நாலாக மடித்தவை, பதினாறு. வலது கண், இடது கண் என்று அச்சடித்திருந்த கட்டங்களில் தேதி, நேரம், எத்தனை விநாடி என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

இருபத்து மூன்று என்று டாக்டரம்மா தாளில் எழுதினார். லெட்டருக்கென்று எடுத்த தாள்தான் அது.

“லெட்டர் இப்ப தர முடியாதும்மா. ரெண்டு வாரம் டைம் கேட்டு உங்க ஆபீஸுக்கு எழுதறேன். ஒரு டெஸ்ட் எடுக்கணும், மாத்திரையையும் மாத்தணும்.” பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஞாபகம் உங்களுக்குப் பதியாம போகலம்மா. பதியுது. பதிஞ்சது நிலைக்க மாட்டேங்குது. சின்னச் சின்னதா இப்படி அடிக்கடி வந்தா அதுதான் ஆகும். இதை முதல்லயே சொல்லியிருக்கணும்.”

கடைசி வாக்கியம் யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

“அவர் மேல கோபமா இருக்கா?”

“தெரியல டாக்டர். எதுவுமே தோணல. காலையில பொண்ணு ஹாஸ்டலுக்குப் போறேன்னு சொன்னா. அதுக்கும் தோணல.”

“எத்தனை நாளா இப்படி?”

சுருக்கு யோசித்தாள். “அது எனக்கு எப்படித் தெரியும்?”

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கை கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம். தள்ளித் தள்ளி நின்றிருந்தால் பேச வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

மூன்று நிறுத்தம் போன பிறகு கேட்டாள். “ஏன் பூஜ்யம்னு எழுதினீங்க?”

“நீதான் எழுதச் சொன்ன.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீதான் சொன்னியே,” என்றார் மறுபடி, இன்னும் மெதுவாக.

ஆமா ஆமா என்பது பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள். மகளுக்கு ஒரு சொன்னேனே, அப்பாவுக்கு ஒரு சொன்னியே. நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவள் தலைமேல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், இது என்னுடையது இல்லை என்று தள்ள அவளிடம் ஒரு சாட்சி கிடையாது. அவர் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் கொடுமை. கொடுமை என்று புத்திக்குத் தெரிந்தது, வலிக்கத்தான் இல்லை.

“எப்ப சொன்னேன்?”

“நாலு மாசத்துக்கு முன்னால. முதல் சீட்டு எழுதின அன்னிக்கு. சமையல்கட்டுல. நீ கடை லிஸ்ட் எழுதிக்கிட்டிருந்த.”

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாதாடாத சாட்சியை நம்பலாமா கூடாதா என்று மன்றத்து நடுவர்கூட அடிக்கடி குழம்புவதுண்டு.

கடை லிஸ்ட். சுருக்கு மடியிலிருந்த பையைப் பார்த்தாள். வீட்டு லிஸ்டை அவள் என்றைக்கும் தனித்தாளில் எழுதுவதில்லை. ஆபீஸ் நோட்டையே தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுவாள். காலையில் பதினொரு நோட்டையும் முன்னாலிருந்துதான் புரட்டினாள். பின்பக்கத்தை எட்டிப் பார்க்கவே இல்லை.

“அந்த முதல் சீட்டைக் குடுங்க.”

அவர் கூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். தேதியைப் பார்த்துக்கொண்டாள். ஒரு கோடு இருந்த அந்த முதல் நோட்டுதான். பஸ் ஆட்டத்தில் படிக்க முடியாது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வீடு வரை பையை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். கணவர் நிலைப்படியில் நின்றுகொண்டார். இந்த எழுத்து அவருக்கும் வாலுக்கும் வெறும் கோழிக் கிறுக்கல்.

உப்பு. துணி சோப்பு. பல்பு, குளியலறைக்கு. அதற்குக் கீழே லிஸ்ட் நின்றுபோய் வரிகள் நெருக்கமாக ஆரம்பித்தன. கோடுகள் நடுங்கவில்லை. நல்ல தெளிவான கையெழுத்து.

‘இன்று மறுபடி வந்ததாம். அவர் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது அழுதார். இதற்கு முன்னால் சில மாதங்களில் ஐந்து தடவை வந்தபோதும் சொன்னாராம், ஐந்து தடவையும் நான் புதிதாகக் கேட்பது போலக் கேட்டு அழுதேனாம். எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. நோட்டில் பூஜ்யம் என்று எழுதச் சொன்னேன். மாட்டேன் என்றார். லெட்டர் வேண்டும், இந்தப் பேனாவை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். சத்தியம் வாங்கிவிட்டேன். நானே கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதை நான் மறந்துவிடுவேன். ஒரு நாள் கண்டுபிடிப்பேன். அவரைத் திட்டாதே.’

இரண்டு தடவை படித்தாள். காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த பொய்ச்சாட்சி அகப்பட்டுவிட்டாள். கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தது.

“என்ன எழுதியிருக்கு?” என்றார் நிலைப்படியிலிருந்து.

“உங்களைத் திட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது நனைந்துகொண்டே இருந்தது. நாலு மாதம் ஒரு மனிதர் இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் எங்கோ ஒரு இடத்தில், ஊசி மருந்து இறங்கும்போது வருமே ஒரு சின்ன அரிப்பு, அது வந்தது. அதை அவள் கலைக்காமல் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கீழே இன்னும் ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள்.

‘வாலு ஹாஸ்டல் பற்றி இன்று கேட்டாள். நான் அவளிடம்’

அதற்குப் பிறகு எழுத்து இல்லை. கோடு சரிந்து, பெரிதாகி, உப்பையும் சோப்பையும் குறுக்கே வெட்டிக்கொண்டு தாளின் ஓரம் வரை ஓடியிருந்தது. சீட்டில் ஏறாத ஒன்று. இருபத்து நாலு.

“அம்மா!” வாலு உள்ளேயிருந்து வந்தாள். நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை அவளே இறக்கியிருக்க வேண்டும், தலையெல்லாம் தூசி. “இதுக்குச் சாவி எங்க வச்ச? காலையிலயே எடுத்து வைக்கச் சொன்னேனே.”

சுருக்கு மகளைப் பார்த்தாள். காலையில் அவள் பேசியதில் சாவி என்ற வார்த்தையே இல்லை. காலையில் நடந்தது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

“சாவி பத்தி நீ சொல்லல.”

வாலு சிரிக்கப் பார்த்தாள். “ஐயோ, சொன்னேன்மா. நீதான்...”

“ஹாஸ்டல் பத்தி நீ சொன்னது எனக்கு ஞாபகம் இல்ல. நான் சரின்னு சொன்னதும் ஞாபகம் இல்ல.” ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. யாருடைய குரலும் மெதுவாகவில்லை. “உக்காரு. முதல்லேருந்து சொல்லு.”

வாலு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஈரக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

சுருக்கு நோட்டில் புதுப்பக்கம் திருப்பி, தேதி போட்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நீ சரின்னு சொல்லலம்மா,” என்றாள் வாலு.

சுருக்கு அதை எழுதிக்கொண்டாள்.